கடைசி வரை கேட்டவர்

"நாமளே போய் அணை மதகைத் திறப்போம்" என்று பேசிக் கூட்டத்தைக் கலகத்துக்குத் தூண்டியதாக விவசாயச் சங்கத்துச் சுருளிவேல் மேல் வழக்கு. பேச்சைக் குறிப்பெடுத்த ஏட்டு பொன்னுராஜைப் பெரியகுளம் கோர்ட்டில் வக்கீல் ஜெபஷீலா குறுக்கு விசாரணை செய்தார்.

"அதைச் சொன்னப்ப எத்தனை பேர் இருந்தாங்க?"

"கரண்டு போனதும் எல்லாரும் கெளம்பிட்டாகம்மா. கடைசி வரைக்கும் கேட்டது நான் மட்டுந்தான்."

"கேட்டதும் மதகைத் திறக்கணும்னு உங்களுக்குத் தோணுச்சா?"

ஏட்டு தயங்கினார். "இல்லம்மா."

வழக்கு தள்ளுபடி ஆனது.

விடுதலையான சுருளிவேல் முகத்தில் சிரிப்பே இல்லை. வாசலில் ஏட்டை மறித்தார்.

"மைக் இல்லாம ரெண்டு மணி நேரம் தொண்டை கிழியப் பேசுனேன். உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா ஏட்டய்யா?"

பொன்னுராஜ் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கும் கெங்குவார்பட்டியில நாத்து கருகுதுண்ணே. அன்னைக்கே கடப்பாரையோட மதகு வரைக்கும் போயிட்டேன். அதைக் கூண்டுல நின்னு சொல்லச் சொல்றீகளா?"