நிலா அக்காவின் பதில்

“வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து நாலு மாசம் ஆச்சு அக்கா. இன்னும் பேச்சு வரல. பந்தை அமுக்கிப் பழகுங்கன்னா சுவரையே பாக்கறாரு. என்னால முடியல.”

நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கான முகநூல் குழுவில் அவளுக்குக் கிடைத்த தோழி நிலா அக்கா. பதில் வர எப்போதும் கால் மணி நேரம் ஆகும். இன்றும் அப்படித்தான் வந்தது.

“அவர் எங்கயும் ஓடிட மாட்டார் தங்கச்சி. நீ வெளிய போய்க் கொஞ்சம் நடந்துட்டு வா.”

முகம் தெரியாத அக்கா சொன்னால் அவளுக்கு வேதவாக்கு. தினமும் மாலையில் நடந்தாள். சிடுசிடுப்புக் குறைந்தது.

மாதக் கடைசியில் பிசியோதெரபிஸ்ட் வந்து கணவரின் வலது கையைப் பிடித்துப் பார்த்தார்.

“அட, விரலெல்லாம் நல்லா மடங்குதே! பந்து வேலை செஞ்சிருக்கு.”

“பந்தா? அதை அவர் தொடவே இல்லீங்க!”

சந்தோஷம் தாங்காமல், வழக்கம்போல் சமையலறைக்குப் போகாமல் அங்கேயே போனை எடுத்தாள். ‘அக்கா, அவர் விரல் மடங்குது! உங்களை உடனே நேர்ல பாக்கணும்.’

அனுப்பிய மறுநொடி, கணவரின் தலையணைக்கு அடியில் ‘டிங்’ என்றது.

தலையணையைத் தூக்கினாள். அவருடைய போனில் அவள் அனுப்பிய செய்தி!

“நிலா அக்கா... நீங்களா? எதுக்குங்க இந்த வேஷம்?”

கணவர் திருதிருவென விழித்தார். பிறகு போனை வாங்கி, வலது கை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். கால் மணி நேரம் கழித்து அவள் போனில் பதில் வந்தது.

“புருஷன் சொல்லி நீ என்னைக்குக் கேட்டிருக்கே?”