அடி நட்டும் மேல் பேக்கிங்கும்

கொய்யாப் பூ உதிரும் ஒரு தோப்பில், பழைய குட்டி டிராக்டர் ஒன்று தூங்கி வழிந்துகொண்டு நின்றதாம். அதன் எஞ்சினின் அடி நட்டிலிருந்து தினமும் எண்ணெய் சொட்டும். தோப்புக்காரர் செல்லையன் குனிந்து பார்ப்பார், நட்டை ஸ்பானரால் இறுக்கிவிட்டுப் போவார்.

"இன்னொரு திருகு திருகினா என் மரை போயிடும் அக்கா. அப்புறம் என்னைத் தூக்கிப் போட்டுடுவார்," என்றது நட்டு.

"பொறுத்துக்கோ தம்பி," என்றது, எண்ணெய் வெளியே கசியாமல் அடைக்க எஞ்சினின் மேல்மூடிக்கு அடியில் படுத்திருந்த பேக்கிங். எண்ணெய் கசிந்து இறங்கியதெல்லாம் அதன் வெடிப்பிலிருந்துதான். வெளியே சொன்னால் அதைக் கிழித்தெறிந்துவிட்டுப் புதிதாக வேறொன்றைப் போடுவார்களே.

ஒரு காலையில் செல்லையன் எஞ்சினைத் துணியால் நன்றாகத் துடைத்து, எண்ணெய் எங்கிருந்து வருகிறதென்று பார்க்க முகத்துக்குப் போடும் பவுடரை எங்கும் தூவினார். பனி இறங்கியதுபோல எல்லாம் வெளுத்தது. அவர் சாவியைத் திருக, எஞ்சின் மெல்ல முனக ஆரம்பித்தது.

"ஏன் அக்கா பேச்சையே காணோம்?"

"மூச்சைப் பிடிச்சிட்டிருக்கேன். சும்மா இரு."

அந்த வெள்ளையில் ஒரு கறுப்புக் கோடு மேலிருந்து எறும்புச் சாரிபோல மெதுவாக இறங்கி, நட்டைத் தொட்டது. வழக்கம்போல் நட்டில் மாட்டி வைத்திருந்த ஸ்பானரைச் செல்லையன் கழற்றினார். அவர் விரல் அந்தக் கோட்டைப் பிடித்தபடி மேலே மேலே போய், பேக்கிங்கின் மேல் நின்றது.

"எல்லாம் உன்னாலதான் தம்பி," என்றதாம் பேக்கிங். "நீ மட்டும் சொட்டாம பிடிச்சிருந்தா, அவர் மேலே பார்த்திருக்கவே மாட்டார்."