நாக்குக்கு அடியில்

"நாக்கத் தூக்கு" என்று அதட்டினார் அம்மாவாசை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த பாவாடை திருட்டு முழி முழித்துவிட்டு நாக்கைத் தூக்கினார். அடியில் மாத்திரை அப்படியே இருந்தது.

அம்மாவாசைக்கு உள்ளூரக் குஷி. மூலக்குளம் பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தொண்டு செய்ய வந்து ஒரு மாசம்தான் ஆகிறது, அதற்குள் டாக்டருக்கே தெரியாத கள்ளத்தனத்தைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். பிடிப்பதற்குப் பெரிய மூளை ஒன்றும் தேவைப்படவில்லை. போன வருஷம் முழுக்க அவரே அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார்.

பெரிய மார்க்கெட்டில் மீன் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது தலை சுற்றி, மீன் கூடை மேலேயே விழுந்தவர் அவர். பிரஷர் ஏறிக் கிடக்கிறது, மாத்திரை போடாவிட்டால் கை கால் இழுத்துக்கொள்ளும் என்று டாக்டர் சொன்னார். டாக்டரும் மாத்திரைக் கம்பெனிக்காரனும் கூட்டுக் களவாணிகள் என்று இவர் சொல்லிவிட்டார்.

வீட்டில் கொடுத்த மாத்திரையெல்லாம் நாக்குக்கு அடியில் பதுங்கி, பிறகு முத்தியால்பேட்டைச் சாக்கடைக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தத் தெருப் பெருச்சாளிகளுக்கு இந்நேரம் பிரஷர் என்ற பேச்சே இருக்காது.

யாரையும் நம்பிப் பழக்கமில்லை அவருக்கு. மில்லில் தறி ஓட்டிய காலத்தில் முதலாளியையும் நம்பவில்லை, சங்கத்துக்காரனையும் நம்பவில்லை. இப்போதும் காஸ் சிலிண்டர் வந்தால் தோளில் தூக்கி ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார். மூணாம் கிளாஸோடு நின்றுபோன படிப்புதான், ஆனால் தன்னை ஏமாற்ற இனிமேல் ஒருத்தன் பிறந்து வர வேண்டும் என்ற நினைப்பு மட்டும் குறையவில்லை.

மகள் சுமலதா அந்த ஆஸ்பத்திரியில்தான் நர்ஸ். அவள் ஒருநாள் வந்து, அங்கே பாவாடை என்று ஒரு முரட்டு ஆசாமி இருக்கிறார், வீட்டில் மாத்திரை கொடுத்தால் துப்பிவிடுகிறார் என்று தினமும் ஆஸ்பத்திரிக்கே வரவழைத்து முழுங்க வைக்கிறோம், அதுவும் எங்களால் ஆகவில்லை என்று அலுத்துக்கொண்டாள்.

"ஒன்ன மாதிரி ஒரு ஆளு சொன்னாத்தாம்பா அவரு கேப்பாரு" என்றாள்.

உச்சி குளிர்ந்துபோனது இவருக்கு. தான் துப்புவதை இன்னொருத்தனை முழுங்கச் சொல்லக் கிளம்புகிறோமே என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. மறுநாளே வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போய் நின்றார்.

பாவாடை லேசுப்பட்ட ஆள் இல்லை. நீங்கள் முழுங்கிக் காட்டினால்தான் நான் முழுங்குவேன் என்று முதல் நாளே மல்லுக்கு நின்றார். சுமலதா இவருக்கென்று ஒரு சத்து மாத்திரை கொண்டுவந்து தந்தாள். இவர் அதை மோந்து பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சத்து மாத்திரை மருந்தில் சேர்த்தி இல்லை, சாப்பாட்டில்தான் சேர்த்தி என்று தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு முழுங்கினார். அன்று முதல் அதுவே தினப்படி வழக்கமாகிப்போனது.

இன்றைக்கும் அதே கூத்துதான். மாத்திரை பிடிபட்டதும் அம்மாவாசை பிடிபிடியென்று பிடித்தார்.

"யோவ், கை கால் இழுத்துக்கிச்சின்னா ஒனக்கு பீ மூத்திரம் யாருய்யா அள்ளுவா? வீட்டுல இருக்கறவங்கள நெனச்சிப் பாரு."

டாக்டர் தன்னிடம் சொன்ன அதே சங்கதிதான். அவர் வாயிலிருந்து வந்தபோது புளுகாகத் தெரிந்தது, தன் வாயிலிருந்து வந்தபோது சத்தியமாகத் தெரிந்தது.

"முழுங்குறண்ணே. மொதல்ல நீங்க போடுங்க" என்றார் பாவாடை.

போட்டார். போட்ட பிறகும் பாவாடை விடவில்லை. "எங்க, நீங்களும் நாக்கத் தூக்குங்க."

என்னையே சந்தேகப்படுகிறானே, இப்படியும் ஒரு நம்பிக்கை கெட்ட ஜென்மம் உண்டா என்று எரிச்சல் வந்தது. ஆனாலும் தூக்கிக் காட்டினார். குனிந்து பார்த்துத் திருப்தியான பிறகுதான் பாவாடை தன் மாத்திரைக்குத் தண்ணீர் ஊற்றி உள்ளே இறக்கினார்.

இந்த ஒரு மாசத்தில் அம்மாவாசைக்குத் தலைசுற்றல் ஒருநாள்கூட வரவில்லை. மார்க்கெட்டுக்குப் போய் சங்கரா மீனுக்குச் சண்டை போட்டுவிட்டு, நிமிர்ந்த தலையோடு நடந்தே வீடு திரும்பினார். எல்லாம் தொண்டு செய்த புண்ணியம், நாலு பேருக்கு நல்லது செய்தால் உடம்பு தானாகத் தேறும் என்று டீக்கடையில் அளந்துகொண்டிருந்தார். அந்த டாக்டர் எதிரே வந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்றும் வைத்திருந்தார்.

இன்றைக்கு வேலை முடிந்து ஆஸ்பத்திரி வாசல் வரை வந்த பிறகுதான், தொண்டு செய்பவர்களுக்கு அங்கே மாட்டிவிடும் பச்சைக் கோட்டைக் கழற்றாமல் வந்தது தெரிந்தது. வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போனால் திருடன் என்று பட்டம் கட்டுவார்கள், ஊர் அப்படி. திரும்பி நடந்தார்.

நர்ஸ் ரூம் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே பாவாடை, பேத்திக்குக் காதுகுத்து வைத்திருக்கிறது, ரெண்டு நாளைக்கு வர முடியாது என்று சுமலதாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ரெண்டு நாள் மாத்திரையை ஏய்க்கப் பார்க்கிறான் பயல் என்று அம்மாவாசைக்கு ரத்தம் கொதித்தது. உள்ளே புகுந்து சட்டையைப் பிடித்துவிடுவது என்றே கதவில் கை வைத்தார்.

பாவாடை பேச்சை முடித்துக்கொண்டிருந்தார்.

"அதுவரைக்கும் என் எடத்துல வேற யாரையாச்சும் மொரண்டு புடிக்க வையிம்மா, இல்லன்னா ஒங்கப்பா பிரஷர் மாத்திரைய முழுங்க மாட்டாரு."