குளத்துச் சாவி

"நீ உள்ளே வராம இருந்துடேன்," என்று அன்று அவர்தான் கேட்டார்.

"ஏங்க?"

"நீ வந்தா உனக்குத்தான் கொடுப்பாங்க. எனக்குத் தெரியும்."

நேர்முகத் தேர்வு அறைக்கு வெளியே ஒரு மரப்பெஞ்சு. கணவன், மனைவி இருவர் கையிலும் முனைவர் பட்டம். பல்கலைக்கழகத்தின் உயிரியல் துறையில் இருந்ததோ ஒரே ஓர் இடம். அவள் வயிற்றில் ஏழு மாதப் பிள்ளை.

அவள் சான்றிதழ் உறையை மூடிப் பைக்குள் வைத்தாள். "சரி. ஆனா ஒரு நாள் நானும் ஒண்ணு கேட்பேன்."

"கேளு. எதுவா இருந்தாலும் சரி."

இருபத்து மூன்று வருடம் ஓடிவிட்டது. அவள் கேட்கவே இல்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கப் போனாள். அவர் துறைத்தலைவர் ஆனார். கேட்காததைத் திருப்தி என்று எடுத்துக்கொண்டு நிம்மதியாகவும் இருந்தார்.

அந்தப் பெஞ்சு இன்று காலை எதற்கு ஞாபகம் வந்தது என்று அவருக்கே புரியவில்லை. குனிந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். பத்து மணிக்குத் தேர்வுக் குழு கூடுகிறது. பைக்குள் ஒரு புகார்க் கடிதம்.

புகார், பதினேழாம் எண்ணின் மேல்.

துறையில் பாடம் எடுக்கவும் ஆராய்ச்சி செய்யவும் புதிதாக ஒருவர் வேண்டும். வந்தவை முப்பத்தொரு விண்ணப்பங்கள். பெயர், வயது, ஆணா பெண்ணா எல்லாவற்றையும் கறுப்படித்துவிட்டு, எண் மட்டும் ஒட்டித்தான் அலுவலகம் குழுவுக்கு அனுப்பியது. சிபாரிசு தலைகாட்டக் கூடாது என்று அவரே கொண்டுவந்த ஏற்பாடு.

பதினேழைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தார்.

'முதல் வகுப்பில் புத்தகம் வேண்டாம். ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் ஒரு நத்தையை வைப்பேன். அதுவாகத் தலையை நீட்டும்வரை யாரும் பேசக் கூடாது, அசையக் கூடாது என்பேன்.'

ஆராய்ச்சிப் பகுதி அதைவிட அபாரம். ஒரு குளத்து நத்தைகளை எட்டு வருடம், வாரம் தவறாமல் எண்ணி, அளந்திருந்தார்கள். குளத்தில் மீன் விட்ட பிறகு ஓடுகள் எப்படித் தடித்துக்கொண்டே வந்தன என்று படம் போட்டிருந்தார்கள். இருபதுக்குப் பத்தொன்பது போட்டார்.

மறுநாள்தான் உறைத்தது. குளத்தின் வரைபடத்தில், வடக்கு மூலையில் ஓர் உடைந்த படி. தன் அறை ஜன்னலிலிருந்து தினமும் அவர் பார்க்கிற அதே படி!

துறைக்குப் பின்னால் இருக்கும் அந்தக் குளம் எப்போதும் பூட்டியே இருக்கும். சாவி இரண்டுதான். ஒன்று காவலாளியிடம். இன்னொன்று அவர் வீட்டுச் சுவரில், ஆணியில்.

ஓர் இறகைப் பார்த்தே பறவையின் பெயர் சொல்லுகிறவர் அவர். இந்த ஆளைப் பிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

தவளை சார்! முப்பது வருடமாகத் தவளையைப் பற்றி ஒரே நோட்டை வாசித்துவரும் சக பேராசிரியர். குழுவில் அவரும் உண்டு. அவருடைய மாப்பிள்ளையும் வேலைக்கு அலைந்துகொண்டிருந்தான். போன வாரம் படிக்கட்டில் வழிமறித்து, "என்ன சார், பதினேழுக்கு அள்ளிக் கொட்டிட்டீங்களாமே!" என்று கண்ணடித்தார் வேறு.

சரி, மாப்பிள்ளைக்குக் குளம் எப்படித் திறந்தது?

"என் சாவி இடுப்பை விட்டு இறங்கினதே இல்லீங்க ஐயா," என்று காவலாளி சத்தியம் செய்தார்.

அப்படியென்றால் ஓட்டை வீட்டுக்குள்தான்.

மூன்று வாரமாக மனைவியை நோட்டம் விட்டார். சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் என்று போய்வருகிறவளின் செருப்பில் பச்சைப் பாசி. அவர் தலையைக் கண்டதும் மூடிக்கொள்ளும் மடிக்கணினி. தவளை சாரின் மனைவியோடு போனில் அரைமணி நேரச் சிரிப்பு. சாப்பாட்டு மேஜையில் எதையோ சொல்ல வாயெடுப்பாள். பிறகு, "உப்பு போதுமா?" என்று முடித்துக்கொள்வாள்.

சிநேகிதியின் மாப்பிள்ளைக்காகக் கட்டிய கணவனையே ஏமாற்றுகிறாளா? நேற்றிரவு உட்கார்ந்து புகாரை எழுதி முடித்தார்.

ஒரு ஷூவை மாட்டி முடித்து, ஆணியைப் பார்த்தார்.

சாவி இல்லை.

"டீச்சரம்மா! குளத்துச் சாவியை யாருக்குக் கொடுத்தே?"

அவர் குரலுக்குள் ஒரு போலீஸ்காரர் ஏறி உட்கார்ந்திருந்தார்.

சமையலறையிலிருந்து வந்தாள். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய கோலம். ஆனால் பை தோளில் இல்லை. மூடிய கையைத் திறந்தாள். சாவி இருந்தது.

"யாருக்கும் கொடுக்கலைங்க. நான்தான் போறேன். எட்டு வருஷமா நான்தான் எண்ணிட்டு இருக்கேன்."

ஒரு காலில் ஷூ, மறு காலில் வெறும் காலுறை. அப்படியே நின்றார். வீட்டிலேயே இருந்த ஆளை, கறுப்படித்த ஒரு பெயருக்குப் பின்னால் அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"மூணு வாரமா வாய் வரைக்கும் வந்துச்சு," என்றாள். "சொல்ல வரலை."

எத்தனையோ கேட்க வேண்டும்போல் இருந்தது அவருக்கு. ஆனால், உள்ளங்கையில் எதையோ ஏந்தியிருப்பவர்போல், மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, அசையாமல் நின்றார்.

அவள் தலை நிமிர்ந்தாள்.

"அன்னைக்கு நீங்க கேட்டீங்க. நான் உள்ளே வரலை. இன்னைக்கு நான் கேட்கிறேன். நீங்க தேர்வுக் குழு அறைக்குள்ளே போகாதீங்க."