பதினான்காவது அப்டேட்

“எனக்குத் தமிழ் தெரியாது மிஸ், சிங்களத்தில் சொல்லுங்கள்” என்று சிவில் உடையில் வந்த பொலிஸ் அதிகாரி சிரித்தபோது, மரியகொறற்றி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். வெள்ளவத்தைக் கம்பனியின் வரவேற்பு மேசையில் இருப்பவள் அவள். தட்டுத்தடுமாறி, சிங்களத்தில் உண்மையையே சொல்லித் தொலைத்தாள்: அவர் தேடிவந்த, இன்று லீவில் நிற்கும் கிளார்க் சிவானந்தன் போன மாதம்தான் அறை மாறினார்; புது விலாசம் கம்ப்யூட்டரில் இருக்கிறது.

பக்கத்து மேசையில் கம்ப்யூட்டர் பகுதி சவுந்தரநாயகம் இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். முன்பும் இப்படித்தான் இங்கே வேலைசெய்த நமசிவாயத்தை விசாரித்து வந்தார்கள். அன்று வெள்ளை வான் வண்டியில் ஏற்றப்பட்ட மனுஷனைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அடுத்தது சிவானந்தனா? விடக்கூடாது!

அந்தக் கம்ப்யூட்டருக்கு வந்த பதினான்கு அப்டேட்டுகளை அவன் போடாமல் நிறுத்தி வைத்திருந்தான். வேறொரு மெஷினில் சோதித்துப் பார்க்காமல் போட்டால் சம்பளப் புரோகிராம் படுத்துவிடும் என்ற பயம். இன்று சோதனையாவது மண்ணாவது! விலாசம் தேடுவதுபோல் குனிந்து, பதினான்கையும் சேர்த்துத் தட்டிவிட்டான்.

“சேர், அப்டேட் ஓடுகிறது. இடையில் நிறுத்தினால் எல்லாப் பைலும் போய்விடும்” என்றான் சிங்களத்தில். அதிகாரி தலையாட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

சவுந்தரநாயகம் திரையைச் சுட்டிக்காட்டி, ஏதோ மெஷினைப் பற்றிக் கதைப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு மரியகொறற்றியிடம் தமிழில் சொன்னான்: “பிள்ளை, ஆளுக்குப் போன் அடியும். உடன வெளிக்கிட்டு மச்சாள் வீட்டை போகச் சொல்லும். போய்ச் சேந்ததும் எங்களுக்கு அடிக்கட்டும்.”

பேர், ஊர் ஒன்றையும் வாயில் எடுக்கவில்லை, கெட்டிக்காரன்தான். சிவானந்தனின் மச்சாள் கொட்டாஞ்சேனையில் இருப்பது அவர்கள் இருவருக்கும் தெரியும்.

போனை வைத்துவிட்டு மரியகொறற்றி அதிகாரிக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். “சீனி போடேல்லை” என்று பழக்கதோஷத்தில் தமிழில் முணுமுணுத்தாள். அவர் சீனிப் போத்தலை இழுத்து, இரண்டு கரண்டி போட்டுக் கலக்கிக் குடித்தார்.

ஒன்பதாவது அப்டேட் அரை மணி நேரம் அசையாமல் நின்றது. வேறு நாளென்றால் சவுந்தரநாயகம் தலையில் அடித்துக்கொண்டிருப்பான். இன்று, அது அப்படியே நிற்கவேண்டும் என்று நல்லூர்க் கந்தனுக்கு நேர்த்தி வைத்தான்.

பதின்மூன்றாவது ஓடும்போது போன் அடித்தது; மரியகொறற்றி எடுத்தாள்.

“அண்ணை, ஆள் போய்ச் சேந்திட்டாராம்.”

அப்பாடா! அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. பதினான்காவதும் முடிந்து மெஷின் திறந்தது. இனி என்ன, கிடைக்கப்போவது ஆளில்லாத அறையின் விலாசம்தானே.

“இப்போது பார்க்கலாம், சேர்” என்றான் சிங்களத்தில்.

அதிகாரி திரைப் பக்கம் திரும்பவே இல்லை. கோப்பையை மேசையில் வைத்துவிட்டு எழுந்து, அவன் தோளில் கை போட்டார்.

“மச்சாள் வீடு எங்கை, தம்பி?”