இரண்டு விரல் அழுக்கு

பர்ஜோ அதைத் துவைத்துவிட்டான்.

கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. இந்தோனேசியாவின் சோலோ நகரில் சலவைக்கடை வைத்திருப்பவன். அழுக்கைக் கண்டால் கை சும்மா இருக்காது. விடுதி அறையில் மனைவி வெனிங் காலை ஓட்டத்துக்குப் போயிருந்தபோது, அவள் பையிலிருந்து கறுத்துப்போன தோல் துண்டு ஒன்று எட்டிப் பார்த்தது. சோப்புத்தூள் போட்டுக் கசக்கி, பாலெம்பாங் வெயிலில் ஜன்னலோரம் காயவைத்தான்.

காய்ந்ததும் அது அப்பளமாகிவிட்டது.

வில்லின் நாணை இழுக்கும்போது வலது கையின் ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றுக்கும் அணையாகப் போடுகிற தோல் அது. புதுத்தோல் கைக்குப் பழக மாதக்கணக்கில் ஆகும். தென்கிழக்காசியப் போட்டியின் இறுதிச் சுற்றோ அன்று மத்தியானம்.

இத்தனை வருடத்தில் அவளுடைய போட்டி ஒன்றுக்கு அவன் வந்ததே இதுதான் முதல் தடவை. வந்த லட்சணம் இப்படி.

வியர்வையோடு திரும்பி வந்த வெனிங் அப்பளத்தைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். உதடு கோணியது. அழப்போகிறாள் என்று பயந்தான். சிரித்தாள்.

"நல்லவேளை மஸ், என்னையும் சேர்த்து முக்கி எடுக்காம விட்டீங்களே." மஸ் என்றால் அண்ணன்; அவர்கள் ஊரில் புருஷனையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அப்பளத்தைக் குப்பையில் போடாமல் பைக்குள் பத்திரமாக வைத்தாள். அடியிலிருந்து இன்னொரு தோலை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குக் கிளம்பினாள்.

திட்டியிருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். திட்டாத மனைவியை எந்தப் புருஷனால் நம்ப முடியும்?

மைதானத்தில் ஒத்திகை அம்புகளை விட்டபின் அவள் அந்த இரண்டாவது தோலைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, கூடாரத்துக்குள் போனாள். பர்ஜோ அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

பாங்காக், அந்தால்யா, ஷாங்காய் என்று அவள் அம்பு போன ஊர்கள் ஒன்றையும் அவன் கண்டதில்லை. அவள் கொண்டுவந்த அழுக்குத் துணியைத்தான் கண்டிருக்கிறான். சட்டையின் மஞ்சள் கறையை வைத்து அவள் என்ன சாப்பிட்டாள் என்று சொல்வான். முழங்கால் மண்ணை வைத்து அன்றைக்கு மழையா என்று சொல்வான். காலரை மோந்து பார்த்து, தோற்றாளா ஜெயித்தாளா என்றுகூட ஊகிப்பான். கறை அவனிடம் பொய் சொன்னதில்லை.

காலையில் அவன் துவைத்த தோலில் மூன்று விரல் அழுக்கு இருந்தது. இதில் இரண்டுதான். மோதிர விரல் படவேண்டிய இடம் கடையில் வாங்கியபடியே வெளுப்பாக இருந்தது.

இது வேறு யாரோ போட்டுப் பழக்கிய தோல்.

பக்கத்துக் கடை நூடுல்ஸ்காரி தினுக் அக்கா சொன்னது இந்த நேரம் பார்த்தா நினைவுக்கு வர வேண்டும்? "உன் பொண்டாட்டி நாடு நாடாப் போய் மெடல் வாங்குறா, நீ ஊரான் ஜட்டியை அலசுறே. ஒருநாள் உன்னையும் பிழிஞ்சு கொடியில போட்டுட்டுப் போயிடுவா, பாரு."

அன்றைக்கு அவனும் சேர்ந்துதான் சிரித்தான்.

சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. காதலித்த காலத்தில் முழுக்கையைப் பிடிக்கத் தைரியம் இல்லாமல், சந்தைக் கூட்டத்தில் அவள் வலது சுண்டு விரலை மட்டும் பிடித்துக்கொண்டு நடந்தவன் அவன். கல்யாணம் ஆகியும் அந்தத் தைரியம் வந்தபாடில்லை. சுண்டு விரலே பழகிவிட்டது. சில மாதங்களாக அந்த விரல் அவனுக்குக் கிடைப்பதில்லை. பிடிக்கப் போனால் வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறாள். இல்லையென்றால் இந்தப் பக்கம் சுற்றி வந்து இடது கையை நீட்டுகிறாள்.

இடது கை! பிச்சைக்காரனுக்குக்கூட யாரும் இடது கையால் கொடுப்பதில்லை.

கூடாரத்துத் துணி காற்றில் விலகியது.

உள்ளே அணியின் இயன்முறை வைத்தியன் பிமா. பீமன் பெயரை வைத்ததற்குக் குறையில்லாத தோள்கள். வெனிங்கின் வலது கை அவன் மடியில் கிடந்தது. விரல் விரலாகத் தொட்டுக்கொண்டிருந்தான். அவள் கண்களை மூடியிருந்தாள்.

பிமா மெதுவாக ஏதோ கேட்டான். அவள் இல்லை என்று தலையாட்டினாள். மறுபடி கேட்டான். மறுபடியும் தலையாட்டினாள். கேட்பவனும் விடுவதாக இல்லை. மறுப்பவளும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

பர்ஜோவிடம் வெடுக்கென்று இழுத்துக்கொள்கிற அதே கை.

ஒலிபெருக்கியில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். வெனிங் வெளியே வந்து நாற்காலியில் தோலைத் தேடினாள். அது பர்ஜோவின் முஷ்டிக்குள் இருந்தது.

"யாரோடது இது?"

"என்னோடதுதான். குடுங்க மஸ், கூப்பிடுறாங்க."

"சலவைக்காரன்கிட்டயே கறையை மறைக்கிறியா? இதுல ரெண்டு விரல்தான் இருக்கு. எவன் அந்த ரெண்டு விரல்காரன்? பிமாவா?"

அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். வில்வித்தைச் சங்கத்து ஆட்கள் தூரத்தில் நின்றார்கள். குரலைத் தாழ்த்தினாள்.

"நான்தான் அந்த ரெண்டு விரல்காரி. மோதிர விரலும் சுண்டு விரலும் செத்துப்போச்சு. ஊசியால குத்தினாலும் தெரியல. பிமாவுக்கு மட்டும்தான் தெரியும். சங்கத்துக்குத் தெரிஞ்சா இப்பவே என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

பர்ஜோவின் முஷ்டி தானாகத் திறந்தது.

"அப்போ காலையில நான் துவைச்சது?"

"மூணு விரலும் உசிரோட இருந்தப்போ போட்டது. தூக்கிப்போட மனசு வரல, வெச்சிருந்தேன்."

தோலை எடுத்து மாட்டிக்கொண்டாள். வில்லைத் தூக்கினாள்.

"என்கிட்ட ஏன் சொல்லல, வெனிங்? கையை மட்டும் இழுத்துக்கிட்டியே?"

இரண்டாம் முறையாக அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் திரும்பி நின்றாள்.

"நீங்க பிடிக்கிறது அந்தச் சுண்டு விரலைத்தானே மஸ். பிடிச்சிருக்கீங்களா, விட்டுட்டீங்களான்னு நான் குனிஞ்சு பார்த்துத்தான் தெரிஞ்சுக்க வேண்டியிருக்கு."