வெளிப்பக்கம் மடித்த இலை

பழைய வீடியோ கேசட்டுகளை டிவிடியாக மாற்றித் தரும் பொன்னுரங்கம், விலை படியாமல் போகிற கிராக்கியைக்கூடச் சிரிக்க வைத்துத்தான் அனுப்புவான். சொர்ணத்தாயிடம் அது நடக்கவில்லை. செத்துப்போன கணவர் நடமாடுவதைப் பார்க்க அவளிடம் மிச்சமிருந்தது, யாரோ ஒருவரின் கல்யாணக் கேசட்டில் வரும் பந்தி மட்டும்தான். கேசட்டில் அவர் பாயசத்தை வழித்துச் சாப்பிடுகிறார். டிவிடியில் அவர் இடம் காலி.

பொன்னுரங்கம் வயரை மாற்றினான், பிளேயரின் ஹெட்டைத் துடைத்தான், உசத்தி டிஸ்க்காகப் போட்டு மறுபடி பதிந்தான். இந்தத் தடவை அவர் இலை மூடிக் கிடந்தது.

"மாமா சாப்பிட்டுட்டுக் கை கழுவப் போயிட்டாரு போலக்கா."

அவள் திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள். "கல்யாண வீட்டுல யாராச்சும் இலைய வெளிப்பக்கமா மடிப்பாங்களா தம்பி? இது எழவு வீட்டு மடிப்புல்ல."

அவன் கேசட்டையே திரும்பச் சுற்றி ஓடவிட்டான். அதிலும் இப்போது அவர் இல்லை. இலை மட்டும் அப்படியே மடங்கிக் கிடந்தது.

"பத்திரமா எடுத்துக் குடுன்னுதானே தந்தேன்," என்றாள். "எங்க அனுப்பிட்ட அவர?"

கடையில் அவர்கள் இருவர்தான். பின்பக்கம் கை கழுவும் குழாய் திறந்து, தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

அவன் நாற்காலியை விட்டு அசையவில்லை. சொர்ணத்தாய் முந்தானையைக் கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். சாப்பிட்டு எழுந்தால் அவர் ஒருநாளும் துண்டு தேடியதில்லை.